கால்நடைகளுக்கும் வீட்டு நாய்களுக்கும் உண்டாகும் தோல் நோய்கள்: அடையாளமும் பரிகாரமும்

வெள்ளாற்றங்கரையிலுள்ள புவனகிரியிலும் அதனைச் சூழ்ந்த கிராமங்களிலும் நெல்லும் உளுந்தும் நெசவுமே ஜீவனத்துக்கு ஆதாரமாயினும், பல குடும்பங்களில் அறுவடைக்கும் அறுவடைக்கும் இடையே கைக்கு வரும் ரொக்கம் பாற்பணமேயாகும். கறவை மாட்டைக் கடன் பெற்று வாங்கிய அங்கத்தினர் பலர். மாடு நோயுற்றால் பால் குறைகிறது. பால் குறைந்ததென்று கடன் தவணை குறைவதில்லை. ஆகையால் மாட்டின் ஆரோக்கியமும் அங்கத்தினரின் நாணயமும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதை நாம் மறக்கலாகாது.

மாட்டுக்கு வரும் வியாதிகளில் கண்ணுக்கு முதலில் புலப்படுவது தோல் நோய். ஆயினும் கடைசியாகக் கவனிக்கப்படுவதும் அதுவே. "வெறும் சொறிதானே, மழை விட்டால் போய்விடும்" என்று இருந்துவிடுகிறோம். வாசலில் கிடக்கும் நாயைப் பற்றியோ கேட்கவே வேண்டுவதில்லை. மயிர் உதிர்ந்து, தோல் தடித்து, இரவெல்லாம் சொறிந்துகொண்டிருக்கும் நாயைத் தெருவுக்குத் துரத்திவிடுவதே வைத்தியமென்று பலர் கருதுகின்றனர். துரத்தப்பட்ட நாய் அடுத்த தெருவுக்குப் போய் அங்கும் நோயைக் கொடுத்துத் திரும்பி வருகிறது.

தோல் நோய்கள் யாவும் ஒன்றல்ல. பூச்சியால் வருவது, காளானால் வருவது, ஈரத்தில் வளரும் கிருமியால் வருவது, அம்மை இனத்து விஷக்கிருமியால் வருவது, தீனிக் குறைவால் வருவது எனப் பல வகையுண்டு. ஒன்றுக்கு ஏற்ற மருந்து மற்றொன்றுக்குப் பயன்படாது; சில சமயம் தீங்கும் செய்யும். இவற்றுள் பெரும்பாலானவை ஒரு வீட்டோடு நிற்பவை அல்ல, தெரு முழுவதற்கும் பொதுவானவை. இவ்விரண்டையும் மனத்திற் கொண்டு மேலே வாசிக்குமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

முதலில் பார்க்க வேண்டியவை

மருந்துக் கடைக்குப் போகுமுன் பிராணியைப் பகல் வெளிச்சத்தில் நிறுத்தி ஐந்து விஷயங்களைக் கவனிக்க வேண்டும். அரிப்பு உண்டா, இல்லையா? மயிர் உதிர்ந்த இடம் வட்டமாயுள்ளதா, ஒழுங்கின்றிப் பரவியுள்ளதா? காது, அலைதாடி, மடி, தொடையிடுக்கு, வாலடி ஆகிய இடங்களில் பூச்சி ஒட்டியிருக்கிறதா? காய்ச்சலும் தீனி மறுப்பும் உண்டா? அதே தொழுவத்து வேறு பிராணிகளுக்கோ, வீட்டு மனிதருக்கோ அரிப்போ படையோ கண்டிருக்கிறதா?

இவ்வைந்துக்கும் விடை தெரிந்தால் பாதி வைத்தியம் முடிந்தது எனலாம். எஞ்சிய பாதியைக் கால்நடை வைத்தியர் பார்த்துக்கொள்வார். தோலைச் சிறிது சுரண்டியெடுத்து உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால், பூச்சியா காளானா என்பது பெரும்பாலும் உடனே தெரிந்துவிடும். அதற்குமுன் எண்ணெயும் களிம்பும் பூசிக்கொண்டு போனால் உண்மை மறைந்துபோகும். ஆதலால் வைத்தியரிடம் போகும்வரை நோயுள்ள இடத்தில் ஒன்றும் பூசாதிருப்பது நலம்.

உண்ணி

நம் பக்கத்து மாடுகளுக்கு உள்ள தொல்லைகளில் முதலிடம் உண்ணிக்கே தரவேண்டும். மாட்டுண்ணி வெறுமனே இரத்தம் குடித்துவிட்டுப் போகும் பூச்சியன்று. குஞ்சாயிருக்கும்போது புல்லின் நுனியிலோ சுவரிலோ காத்திருந்து மாட்டின்மேல் ஏறி, ஏறக்குறைய மூன்று வாரம் அதன் உடம்பிலேயே இருந்து வளர்ந்து, பெண்ணுண்ணி இரத்தத்தால் பருத்துக் கீழே விழுகிறது. விழுந்தது சுவர் வெடிப்பிலும் சாணக் குப்பையிலும் நுழைந்து, இரண்டாயிரம் மூவாயிரம் முட்டைகளிட்டு மாண்டுபோகிறது. பொரித்த குஞ்சுகள் இரையின்றியே பல வாரங்கள், தக்க இடமாயின் சில மாதங்கள்கூடக் காத்திருக்க வல்லவை. நாம் மாட்டின்மேல் காணும் உண்ணி சொற்பமே. பெரும்பகுதி தொழுவத்திலும் மேய்ச்சற் புல்லிலும் ஒளிந்திருக்கிறது. மாட்டுக்கு மட்டும் மருந்து தெளித்துவிட்டுத் தொழுவத்தை அப்படியே விட்டால், மூன்று வாரத்தில் பழைய நிலையே திரும்பும்.

உண்ணியால் இரத்தம் குறைந்து மாடு இளைப்பது ஒரு கெடுதி. அதனினும் பெரியது, அது கடிக்கும்போது இரத்தத்தில் விடும் கிருமிகள். கடுங் காய்ச்சல், செந்நிறமாகச் சிறுநீர் போதல், கண்ணும் ஈறும் வெளுத்தல், கழுத்தடியில் நெறி கட்டுதல் ஆகியவை கண்டால் அன்றே வைத்தியரை அழைக்க வேண்டும். இக்காய்ச்சல்கள் நாட்டு மாட்டைக் காட்டிலும் ஜெர்ஸி முதலிய கலப்பின மாட்டையே கடுமையாகத் தாக்கும். நாய்க்கும் உண்ணியால் காய்ச்சல் வந்து, இரத்தம் குறைந்து, மூக்கில் இரத்தம் வடிவதுண்டு. நாயுண்ணி வளர்ச்சியின் ஒவ்வொரு படியிலும் கீழே இறங்கிச் சுவரேறித் தங்குவதால், நாய் படுக்கும் திண்ணையையும் சாக்கையும் கவனிக்காமல் அதனை ஒழிக்க முடியாது.

பரிகாரம் இரண்டு வகை. கடைகளில் விற்கும் உண்ணி மருந்துகளில் அமிட்ராஸ் என்பது ஒன்று. 12.5 சதவீதச் சரக்காயின் மாட்டுண்ணிக்கு ஒரு லிட்டர் நீருக்கு 2 மில்லி லிட்டர் என்பது வழக்கமான அளவு. எனினும் புட்டியின்மேல் எழுதியிருப்பதும் வைத்தியர் சொல்வதுமே முடிவான அளவென்று கொள்க. தெளிக்குமுன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, உடம்பிலுள்ள சேற்றைக் கழுவி, ஈரம் உலர்ந்தபின் காதின் உட்புறம், வாலடி, மடியின் இடுக்கு ஒன்றும் விடாமல் நனைக்க வேண்டும். உடம்பு காயும்வரை நக்காதவாறு காத்தல் அவசியம். தெளிப்பவர் கையுறை அணிந்து காற்றுக்கு எதிர்முகமாக நில்லாதிருக்க வேண்டும். சிக்கனமென்று மருந்தின் அளவைக் குறைத்தால், சாகாத உண்ணிகளே பெருகி, பின்னர் அம்மருந்துக்கே அடங்காதனவாகிவிடும்.

மற்றொரு வகை, 1989ஆம் ஆண்டு நிறுவப்பட்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தார் பரவச் செய்துள்ள மூலிகை முறையாகும். பூண்டு 10 பல், வசம்பு 10 கிராம், மஞ்சள்தூள் 20 கிராம், வேப்பிலை, வேப்பம்பழம், துளசி, உண்ணிச்செடியின் இலை ஆகியவற்றில் வகைக்கு ஒரு கைப்பிடி சேர்த்து அரைத்து, ஒரு லிட்டர் நீரிற் கலந்து வடிகட்ட வேண்டும். வெயில் உள்ள வேளையில் வாரம் ஒருமுறை மாட்டின்மேலும் தொழுவத்து வெடிப்புகளிலும் இதனைத் தெளிக்கலாம். உண்ணிச்செடி மேற்பூச்சுக்கு மட்டுமே ஆகும். மாடு அதனைத் தின்னலாகாது. காரணம் பின்னர்க் கூறப்படும்.

தொழுவத்துச் சுவரின் வெடிப்புகளை மண்ணோ சிமெண்டோ கொண்டு அடைத்து, சுண்ணாம்பு அடித்து, குப்பையை அன்றாடம் அகற்ற வேண்டும். தொழுவத்தில் மேயும் நாட்டுக்கோழி உண்ணியைப் பொறுக்கித் தின்பதும் ஓர் உதவியே.

சொறி

கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சிகள் தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடுவதால் வருவது சொறி. நாய், ஆடு, எருமை, பன்றி, முயல் எல்லாவற்றுக்கும் இது உண்டு. கடும் அரிப்பே இதன் முதல் அடையாளம். நாய்க்குக் காதின் ஓரம், முழங்கை, வயிறு ஆகிய இடங்களில் தொடங்கும். மயிர் உதிர்ந்து, பொருக்குக் கட்டி, நாட்பட்டால் தோல் யானைத்தோல் போல் தடித்து மடிப்பு விழும். ஒட்டிப் படுத்தலாலும், ஒரே கயிறு, சாக்கு, தூரிகை முதலியவற்றாலும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றும். நாயின் சொறி மனிதரைத் தொற்றினால் கையிலும் வயிற்றிலும் அரிப்பு உண்டாகும். பெரும்பாலும் நாயைக் குணப்படுத்தினால் அதுவும் தானே தணியும்.

நாய்க்குட்டிகளுக்கு வேறொரு சொறியுண்டு. கண்ணைச் சுற்றியும் வாயோரத்திலும் முன்னங்காலிலும் மயிர் உதிரும். ஆயின் அரிப்பு மிகக் குறைவு. இப்பூச்சி பிறந்த சில நாட்களில் தாயிடமிருந்து குட்டிக்கு வருவது. மற்ற நாய்க்கோ மனிதருக்கோ தொற்றாது. சிறு அளவில் கண்டால் நல்ல தீனியாலேயே தீர்வதுண்டு. இவ்விரண்டின் வேறுபாடு அறியாமல் இத்தகைய குட்டியைத் தெருவில் விடுவது வீண் பாவமே.

முற்காலத்தில் கந்தகத்தை எண்ணெயிற் குழைத்துத் தடவினர். அது பயனற்ற வைத்தியமன்று. இப்போது ஐவர்மெக்டின் என்னும் மருந்து உள்ளது. ஜப்பானில் இட்டோ என்னும் ஊருக்கருகே எடுத்த மண்ணில் ஸடோஷி ஓமுரா என்னும் அறிஞர் கண்ட நுண்ணுயிரிலிருந்து இம்மருந்து தோன்றியது. அதனைக் கால்நடைகளுக்கு ஏற்றதாக்கிய வில்லியம் காம்ப்பெல்லுக்கும் ஓமுராவுக்கும் 2015ஆம் ஆண்டு நோபெல் பரிசில் பங்கு கிடைத்தது. உடல் எடை கிலோ ஒன்றுக்கு 0.2 மில்லி கிராம் என்பது மாட்டுக்கும் ஆட்டுக்கும் உரிய அளவு. இதனை வைத்தியரே தோலுக்கடியில் போடுவார். முட்டைகளை இது கொல்லாதாதலால், அவை பொரித்தபின் இரண்டாம் முறை போட்டாலன்றி நோய் தீராது. ஒரு ஊசியோடு அரிப்பு நின்றதென்று மறுமுறை போகாதவர்களே பின்னர் "மருந்து கேட்கவில்லை" என்கின்றனர்.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. பால் கறக்கும் மாட்டுக்கு இவ்வூசி போட்டால் பாலிலும் மருந்து வரும். ஆகையால் கறவை மாடு என்பதை வைத்தியரிடம் முதலிலேயே சொல்லி, அவர் தரும் மருந்துக்குக் குறித்த நாட்கள் கழியும்வரை பாலைச் சங்கத்தில் ஊற்றாதிருக்க வேண்டும். மேலும் காலி என்னும் மேல்நாட்டு மேய்ப்பு நாய்க்கும் அதன் இனக் கலப்புள்ளவற்றுக்கும் இம்மருந்து மூளையைத் தாக்கி உயிருக்கே ஆபத்தாகக் கூடும்.

படர்தாமரை

இது பூச்சியன்று, காளான். இளங்கன்றுகளின் முகம், கண்ணோரம், கழுத்து ஆகிய இடங்களில் காசளவு வட்டமாக மயிர் உதிர்ந்து, சாம்பல் நிறப் பொருக்குக் கட்டும், அரிப்பு சொற்பம். பூனைக்கும் நாய்க்கும் வேறு வகைக் காளானால் இதே நோய் வரும். இது மனிதருக்கும், முக்கியமாகக் கன்றையும் பூனையையும் கட்டிக்கொண்டு விளையாடும் குழந்தைகளுக்கும் தொற்றும். வீட்டில் ஒரு குழந்தைக்குப் படை கண்டால் தொழுவத்துக் கன்றையும் ஒருமுறை பார்த்துவிடுக.

கன்றின் படர்தாமரை பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு மாதங்களில் தானே ஆறிவிடும். அதற்குள் மற்றக் கன்றுகளுக்கும் பரவுமென்பதே கஷ்டம். பொருக்கைச் சோப்பு நீரால் ஊறவைத்து எடுத்து, கீழே உதிரவிடாமல் எரித்துவிட்டு, அவ்விடத்தில் டிஞ்சர் அயோடினோ வைத்தியர் தரும் காளான் களிம்போ தடவி வர வேண்டும். கண்ணருகில் அயோடின் படலாகாது. உதிர்ந்த பொருக்கிலுள்ள காளான் வித்து தொழுவத்தில் மாதக்கணக்கில், சில வேளை வருஷக்கணக்கிலும், உயிரோடிருக்கும். ஆதலால் கன்று கட்டும் இடத்தில் வெயில் படுமாறு செய்தலும், முளையையும் தொட்டியையும் சலவைத்தூள் கரைத்த நீரால் கழுவுதலும் மருந்துக்குச் சமானமானவை.

மழைக்காலத்து நோய்களும் புழுப்புண்ணும்

ஐப்பசி முதல் மார்கழி வரை வடகிழக்குப் பருவமழையில் நம் தாழ்ந்த பூமி நீரில் நிற்கும். 2015ஆம் ஆண்டு இறுதியில் கடலூர் மாவட்டத்தில் வந்த பெருவெள்ளத்தை எவரும் மறந்திரார். இத்தகைய காலத்தில் நாட்கணக்கில் ஈரத்தில் நிற்கும் மாட்டின் முதுகிலும் கால்களிலும் தோல் ஊறி, ஒருவகைக் கிருமி நுழைகிறது. மயிர் கற்றையாக ஒட்டிப் பொருக்குக் கட்டும். பொருக்கைப் பெயர்த்தால் வர்ணம் பூசும் தூரிகை போல மயிர்க்குச்சம் அதனோடு வரும். அடியில் ஈரப்புண் இருக்கும். இதனைச் சொறியென்று எண்ணி எண்ணெய் பூசினால் ஈரம் அடங்கி நோய் வளரும். மேட்டு நிலத்தில் கட்டி, உலர்த்தி, வைத்தியரிடம் கிருமிநாசினி ஊசி போட்டுக்கொள்வதே இதற்கு வழி.

மழை விட்டு வெயில் கண்டதும் ஈக்கள் பெருகும். கொம்படி, நுகத்தடி உராய்ந்த கழுத்து, கன்றின் தொப்புள், உண்ணி கடித்த இடம் இவற்றில் சிறு காயமிருந்தாலும் ஈ முட்டையிட்டு ஒரு நாளிலேயே புழு வைத்துவிடும். துர்நாற்றம், இரத்தம் கசிதல், மாடு அடிக்கடி அவ்விடத்தை நக்குதல் ஆகியவை அடையாளம். டர்பென்டைன் எண்ணெயிற் பஞ்சை நனைத்துச் சிறிது நேரம் வைத்தால் புழுக்கள் மேலே வரும். இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். ஒன்று உள்ளே தங்கினாலும் புண் ஆறாது. பின்னர் புண்ணைக் கழுவி, ஈ அண்டாதபடி வேப்பெண்ணெயிற் கற்பூரம் குழைத்துச் சுற்றிலும் தடவலாம். நாய்க்கும் இதே முறையாயினும், நாய் நக்குமாதலால் டர்பென்டைனையும் கற்பூரத்தையும் வைத்தியர் கையிலேயே விடுவது நலம்.

தோல் கழலை நோய்

இதுவரை கூறியவை மெதுவாகக் கெடுப்பவை. இது அப்படியன்று. மாட்டுக்குக் கடுங் காய்ச்சல் கண்டு, கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிந்து, இரண்டொரு நாளில் உடம்பெங்கும் எலுமிச்சங்காய் போன்றும் அதனிற் சிறியனவாயும் கெட்டியான கட்டிகள் எழும்பும். பால் திடீரெனக் குறையும். சினைமாடு கன்று வீசுவதும் உண்டு. அம்மை இனத்து விஷக்கிருமியே காரணம். கொசு, கடிக்கும் ஈ, உண்ணி ஆகியவை இதனைப் பரப்புகின்றன.

1929ஆம் ஆண்டு ஆப்பிரிக்காவில் இப்போது ஜாம்பியா என வழங்கும் நாட்டில் முதன்முதல் அறியப்பட்ட இந்நோய், 2019ஆம் ஆண்டு ஒடிஸாவில் கண்டு இந்தியாவுக்குள் புகுந்தது. பின்னர் தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களுக்கும் பரவியது. 2022ஆம் ஆண்டு ராஜஸ்தான், குஜராத் முதலிய பகுதிகளிலும் பிறவிடங்களிலுமாக ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மாடுகள் இதனால் மாண்டன. நோய் கண்ட மாடுகளிற் பெரும்பாலானவை பிழைக்குமாயினும், பால் இழப்பும், தோலில் தழும்பும், உழைப்புக் குறைவும் நீண்ட நாள் இருக்கும்.

கிருமியைக் கொல்லும் மருந்து இதற்கில்லை. வைத்தியர் தருவது காய்ச்சலைத் தணிப்பதற்கும், புண் சீழ் வைக்காதிருப்பதற்குமேயாம். மேற்குறித்த பல்கலைக்கழகத்தார் கூறும் மூலிகை முறையில், வெற்றிலை 10, மிளகு 10 கிராம், உப்பு 10 கிராம் ஆகியவற்றை அரைத்து வெல்லத்திற் கலந்து உள்ளுக்குத் தருவர். குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி வகைக்கு ஒரு கைப்பிடி, பூண்டு 10 பல், மஞ்சள் 20 கிராம் ஆகியவற்றை அரைத்து, அரை லிட்டர் நல்லெண்ணெய் அல்லது தேங்காய் எண்ணெயிற் காய்ச்சி ஆறவைத்து, கழுவிய புண்ணின்மேல் தடவுவர். இவை துணையேயன்றித் தடுப்பூசிக்கு மாற்று அல்ல.

தடுப்பதற்கு ஆட்டம்மைத் தடுப்பூசியையே மாடுகளுக்குப் போட்டு வந்தனர். இதற்கென்றே இந்திய விஞ்ஞானிகள் ஆக்கிய தடுப்பூசி 2022 ஆகஸ்டு மாதம் வெளியிடப்பட்டது. நோய் வருமுன் நல்ல நிலையிலுள்ள மாட்டுக்குப் போடுவதே பயன் தரும். ஊசி போட்டால் பால் குறையுமென்று மாட்டை வயற்காட்டில் ஒளித்துவைப்பவருக்கு ஒரு வார்த்தை: பழங்காலத்தில் கிராமம் கிராமமாக மாடுகளை வாரிக்கொண்டுபோன வெக்கை நோய், ஊரெல்லாம் ஊசி போட்டதனாலேயே 2011ஆம் ஆண்டு உலகத்தினின்றும் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

நோய் கண்ட மாட்டைத் தனியே கட்டி, கொசுவலையோ புகையோ இட்டு ஈ, கொசு அண்டாமற் காத்து, சந்தைக்கு ஓட்டாதிருக்க வேண்டும். இந்நோய் மனிதருக்குத் தொற்றாது. ஆதலால் அஞ்சி மாட்டைக் கைவிட வேண்டுவதில்லை.

தீனியால் வரும் தோற்கேடு

பூச்சியுமில்லை, காளானுமில்லை, ஆயினும் மயிர் பளபளப்பின்றி நிறம் மங்கி, தோல் வறண்டு செதில் உதிர்கிறதென்றால், தீனியை நோக்க வேண்டும். வைக்கோல் ஒன்றையே தின்னும் மாட்டுக்குத் தாமிரம், துத்தநாகம் முதலிய தாதுச் சத்துக்களும், பசும்புல்லிலுள்ள உயிர்ச்சத்தும் போதா. பசுந்தீவனமும் தாது உப்புக் கலவையுமே இதற்கு மருந்து. மழையில் நனைந்து பூசணம் பிடித்த வைக்கோலால், முக்கியமாக எருமைகளுக்கு, வால்நுனியும் காதுநுனியும் கால்களும் கறுத்து அழுகுவதும் உண்டு. வைக்கோற்போரைத் தரையில் போடாமல் மேடை கட்டிப் போட்டு, பூசணம் பிடித்ததைக் கழித்துவிட வேண்டும்.

உண்ணிச்செடியை வேலியோரம் மேயும் மாடு பசிக்குத் தின்றுவிட்டால், அதன் நஞ்சு ஈரலைக் கெடுக்கும். அதன்பின் வெயிலில் நின்றால் வெண்ணிறமான தோல் வெந்ததுபோற் சிவந்து உரிந்துவிடும். இம்மாட்டை உடனே நிழலில் கட்டி வைத்தியரை அழைக்க வேண்டும்; தோலுக்கு மருந்து பூசுவது மட்டும் பயனில்லை.

செய்யத்தகாதவை

மோட்டார் வண்டியிலிருந்து வடித்த கழிவு எண்ணெயைச் சொறிக்குப் பூசும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அதில் ஈயம் முதலிய நஞ்சுகள் இருக்கும். பிராணி அதனை நக்கி உள்ளே கொள்கிறது. பயிருக்குத் தெளித்து மிஞ்சிய பூச்சிமருந்தை மாட்டின்மேல் ஊற்றுவது அதனினும் கொடிது. வாயில் நுரை தள்ளி, உடம்பு நடுங்கி, சில மணி நேரத்திற்குள் பிராணி இறந்துவிடக்கூடும். நாய்க்குரிய பெர்மெத்ரின் என்னும் உண்ணி மருந்தைப் பூனைக்கு இடலாகாது. பூனைக்கு அது விஷம். மனிதருக்கு வாங்கிய களிம்பில் மிஞ்சியதை நாய்க்குத் தடவுவதும் கூடாது. அரிப்பு அடங்கியது போற் காட்டி நோயை உள்ளே வளர்க்கும் சரக்கு அவற்றில் இருப்பதுண்டு.

கூட்டாகச் செய்தாலன்றிப் பயனில்லை

ஐக்கிய அமெரிக்க நாட்டின் தென்பகுதி மாடுகள் வடக்கே போன வழியெல்லாம், அவை தாம் நோயின்றி இருக்க, வடக்கத்திய மாடுகள் காய்ச்சலால் மாண்டுகொண்டிருந்தன. அதற்கு உண்ணியே காரணமென்று தியோபால்ட் ஸ்மித், கில்போர்ன் என்னும் இருவர் 1893ஆம் ஆண்டு நிரூபித்து வெளியிட்டனர். 1906ஆம் ஆண்டு அந்நாட்டார் ஒரு பெருமுயற்சி தொடங்கினர். ஊர்தோறும் மருந்து நீர்த் தொட்டி கட்டி, எல்லா மாடுகளையும் சுமார் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதில் இறக்கி ஏற்றினர். இதனை வெறுத்த சிலர் தொட்டிகளை வெடிவைத்துத் தகர்த்தனர். ஏனெனில், தன் மாடு நன்றாயிருக்கத் தான் ஏன் சிரமப்பட வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். ஆயினும் முயற்சி நிற்கவில்லை. 1943ஆம் ஆண்டில், மெக்ஸிகோ எல்லையோரத்து ஒரு பட்டை நீங்கலாக, நாடு முழுவதும் அவ்வுண்ணி ஒழிந்தது. ஒரு பண்ணைக்காரர் தனியே நூறு வருஷம் முயன்றிருந்தாலும் இது கைகூடியிராது.

கூட்டுறவுச் சங்கத்தாருக்கு இந்த நியாயம் புதிதன்று. 1904ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தொடங்கிய கிராமச் சங்கங்களில் வரையறையற்ற பொறுப்பு என்னும் விதியிருந்தது. ஒருவர் தவறினால் அச்சுமை அனைவர் தலையிலும் விழும். ஆதலால் ஒவ்வொருவரும் அடுத்தவரின் நடத்தையைக் கவனித்து வந்தனர். கடனில் அவ்விதி பிற்காலத்தில் மாறியது. உண்ணியிலும் சொறியிலும் அது இன்றும் மாறவில்லை. பத்து வீட்டார் மருந்து தெளித்து ஒரு வீட்டார் தெளிக்காவிடில், அவ்வொரு தொழுவமே மற்றப் பத்துக்கும் விதைநெல் ஆகிவிடும்.

ஆகையால் சங்கங்கள் பின்வருவனவற்றைச் செய்யலாம்.

1. மாதத்தில் இரண்டு நாட்களைக் குறித்து, அந்நாட்களில் தெருவிலுள்ள எல்லா மாடு, ஆடு, நாய்களுக்கும் தொழுவங்களுக்கும் ஒரே சமயத்தில் உண்ணி மருந்து தெளித்தல். மருந்தையும் தெளிப்பானையும் மொத்தமாக வாங்கினால் செலவும் குறையும்.

2. பால் ஊற்ற வரும் இடத்தில் ஒரு குறிப்புப் புத்தகம் வைத்து, எவர் வீட்டுப் பிராணிக்கு என்ன தோல் நோய் கண்டது, எந்தத் தேதியில் என்ன மருந்து தரப்பட்டது என்று எழுதி வருதல். இரண்டாம் ஊசிக்குரிய நாளையும், பால் ஊற்றக்கூடாத நாட்களையும் இப்புத்தகமே நினைவூட்டும்.

3. தடுப்பூசி முகாமுக்கு முன்னறிவிப்புப் பெற்று, ஒரு மாடும் விட்டுப்போகாதபடி செய்தல். நடக்கவியலாத மாட்டுக்கு 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸை அழைக்கலாம்.

4. ஐப்பசிக்கு முன்னரே மேட்டு நிலத்தில் பொதுக் கொட்டகையொன்றை ஒழுங்கு செய்து, வெள்ளக் காலத்தில் மாடுகளை அங்கே மாற்றுதல்.

5. உரிமையாளர் இல்லாத தெருநாய்களின் சொறிக்கும் சங்கத்தின் சார்பில் வைத்தியரை அழைத்து மருந்து தருதல். நம் கன்றுகளும் குழந்தைகளும் உலாவும் தெருவிலேதான் அந்நாய்களும் படுக்கின்றன.

6. நோய் கண்ட மாட்டை மறைத்துச் சந்தையில் விற்பதில்லை என்று அங்கத்தினர் யாவரும் உறுதி கூறுதல். விற்றவருக்கு அன்று இலாபமாகத் தோன்றுவது, அடுத்த மாதம் வாங்கியவரின் ஊர் வழியாகத் தம் தொழுவத்துக்கே திரும்பி வரும்.

இவற்றுக்கெல்லாம் பெரும் பணம் வேண்டுவதில்லை. ஒரு மாடு பல வாரம் குறைத்துக் கறப்பதால் வரும் நஷ்டத்தோடு ஒரு புட்டி மருந்தின் விலையை ஒப்பிட்டுப் பார்த்தால் கணக்கு விளங்கும். அங்கத்தினர்கள் இன்று மாலையே தத்தம் தொழுவத்துக்குச் சென்று, மாட்டின் காதையும் அலைதாடியையும் ஒருமுறை புரட்டிப் பார்ப்பார்களாக. அங்கு கண்டதை அடுத்த சங்கக் கூட்டத்தில் சொல்லி, தெளிக்கும் நாளையும் அப்போதே குறிப்பார்களாக.